அக்கரைப் படிப்பு



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் தந்தையும் மகனுமாக இருவர் என் வீட்டுக்கு வந்தார்கள். தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவர்கள். தந்தையார் ஒரு சிறு விசைப்படகுக்கு உரியவர். மகன் பொறியியல் பட்டம் பெற்று ஓராண்டுகூட ஆகாத இளைஞர். அவர் கையில் மூன்று தாள்கள் இருந்தன. முதல் தாள், எம்.பி.ஏ. எனப்படும் வணிக நிர்வாகப் படிப்பில் இடமளிப்பதாக இங்கிலாந்துக் கல்லூரி ஒன்று எழுதிய கடிதம். இரண்டாவது தாளில் கல்லூரிக் கட்டணமும் ஓராண்டு இருப்புச் செலவும் கூட்டிக் கணக்கிடப்பட்டிருந்தன. கூட்டுத்தொகை நாற்பது லட்ச ரூபாய். மூன்றாவது தாள், அவர்கள் குடியிருக்கும் வீட்டுப் பத்திரத்தின் நகல். வங்கியில் ஈடு காட்டுவதற்காக எடுத்தது.

"ஐயா, வீட்டை எழுதிக் கொடுத்துவிடலாம். பையன் கரையேறினால் போதும்" என்றார் தந்தை.

மகன் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "பன்னாட்டு நிறுவனங்களில் பணிபுரிய வேண்டும் என்பது என் ஆசை, ஐயா. அதற்கு வெளிநாட்டுப் பட்டம் இருந்தால்தான் வழி பிறக்கும் என்கிறார்கள். ஆனால் வீட்டை நினைத்தால் இரவில் உறக்கம் வருவதில்லை. போகலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்."

நான் உடனே விடை சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து வருமாறு கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு வாரம் நான் எண்ணிப் பார்த்தவற்றையே இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். அந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டின் கேள்வி அன்று. கல்லூரியின் இறுதியாண்டில் இருக்கும் உங்களில் பலருடைய உள்ளத்திலும் அது இருக்கிறது. பள்ளியில் பயிலும் இளைஞர்களுக்கோ நாளை வரப்போகிறது.

கடல் கடப்பது இராமநாதபுரச் சீமைக்குப் புதிதன்று. கடல் கடந்தேனும் பொருள் தேடுக என்று ஔவையார் சொன்ன அறிவுரையை இந்தக் கரை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, நடந்து காட்டியது. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னையில் புகைவண்டி ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கே காத்திருக்கும் கப்பலில் ஏறித் தலைமன்னாரில் கரைசேர்ந்து, மீண்டும் வண்டியேறிக் கொழும்பு போய்ச் சேரலாம். இதற்கெல்லாம் ஒரே பயணச்சீட்டுப் போதும். அந்தத் தனுஷ்கோடியை 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் அழித்துவிட்டது. வழி மூடியது, ஆசை மூடவில்லை. இன்று நம் இளைஞர்கள் மதுரையிலும் சென்னையிலும் வானூர்தி ஏறுகிறார்கள்.

இந்தக் கரையைத் தாண்டிச் சென்றவர்களின் வரலாற்றை எண்ணிப் பார்த்தபோது, அவர்கள் மூன்று வகையாகச் சென்றிருக்கிறார்கள் என்பது எனக்குப் புலப்பட்டது. கடனோடு போனவர்கள் ஒரு வகை; தொழிலோடு போனவர்கள் மற்றொரு வகை; நோக்கத்தோடு போனவர்கள் மூன்றாம் வகை. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கடனோடு போனவர்கள். மண்டபம் முகாம் என்ற ஊர்ப்பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களை நிறுத்திவைத்துச் சோதிப்பதற்காக ஏற்பட்ட முகாம் அது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக்கொண்டு வருவார்கள். தொற்றுநோய் இல்லை என்று கண்ட பின்னரே முகாமிலிருந்து கப்பலுக்கு அனுப்புவார்கள். கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். கரையைத் தாண்டும்போதே அவன் கடனாளி.

அக்காலத்தில் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. துண்டு என்பது ஒரு சிறு சீட்டு. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. அந்தச் சீட்டில்லாமல் வேறொரு தோட்டத்துக்குப் போக இயலாது. போகும் தோட்டத்திலும் அதே கடன் புதிய பெயரில் தொடரும். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. அதுவரை எத்தனையோ பேருடைய உழைப்பு அந்தச் சீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது. அவர்கள் சோம்பேறிகள் அல்லர், அறிவிலிகளும் அல்லர். தாங்கள் சுமந்து செல்லும் கடனின் நிபந்தனை என்ன என்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை. அவ்வளவே.

வங்கியில் வாங்கும் கல்விக்கடனையும் துண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. கல்விக்கடன் சட்டத்துக்கு உட்பட்டது. பல ஏழை மாணவர்களை உயர்த்தியது. ஆயினும் ஒரு பாடம் இரண்டுக்கும் பொது. கடன் உங்களோடு கப்பலேறும். நீங்கள் வேலை மாறும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு முன்னால் அது நிற்கும். ஆகவே அதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

நாற்பது லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி, பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதந்தோறும் ஏறத்தாழ 53,000 ரூபாய் கட்ட வேண்டும். பத்து ஆண்டில் கட்டிய மொத்தத் தொகை அறுபத்து மூன்று லட்சத்தைத் தாண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. லண்டனில் சம்பளம் வாங்குபவருக்கு இந்தத் தவணை தாங்கக்கூடிய சுமை. வேலை கிட்டாமல் ஊர் திரும்பிச் சென்னையில் முப்பது நாற்பது ஆயிரம் வாங்குபவருக்கோ இது சம்பளம் முழுவதையும் விழுங்கி, மேலும் கேட்கும். ஒரே கடன்தான். அது படியா பாறையா என்பதைப் படிப்பு தீர்மானிப்பதில்லை. படித்து முடித்த பின் எந்தக் கரையில் நிற்கிறோம் என்பது தீர்மானிக்கிறது.

இரண்டாவது, தொழிலோடு போனவர்கள். பழைய இராமநாதபுரம் மாவட்டம் இன்றைய மாவட்டத்தைவிட மிகப் பெரியது. காரைக்குடியும் தேவகோட்டையும் அதில் அடங்கியிருந்தன. அப்பகுதி நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் கடைகள் நடத்தினார்கள். அக்கடைகளே அவர்கள் பிள்ளைகளுக்கு வணிகக் கல்லூரி. இளம் வயதிலேயே 'பெட்டியடிப் பையனாக'க் கடையில் சேர்ந்து, பேரேடு எழுதப் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, பின்பு மேலாளாகப் பொறுப்பேற்பார்கள். மூன்றாண்டுக்கு ஒரு தவணை. தவணை முடிந்ததும் ஊர் வந்து கணக்கு ஒப்புவித்து, குடும்பத்தோடு இருந்துவிட்டு மீண்டும் புறப்படுவார்கள். இளைஞன் கடனோடு கடல் கடந்ததில்லை. சம்பளம் பேசிக்கொண்டு கடந்தான். தொழிலைக் கற்றுக்கொண்டே பொருளும் ஈட்டினான்.

கீழக்கரையின் கதையும் இதைப் போன்றதே. முத்தும் சங்கும் விற்று அயல்நாட்டு வணிகம் பழகிய ஊர் அது. அங்கே 1927-ஆம் ஆண்டு பிறந்த பி. எஸ். அப்துர் ரகுமான் எந்த வணிகக் கல்லூரியிலும் பட்டம் பெற்றவர் அல்லர். இளமையிலேயே வாணிகத்தில் இறங்கினார். 1973-ஆம் ஆண்டு துபாயில் ஈ.டி.ஏ. நிறுவனம் தோன்றக் காரணமானார். நம் பக்கத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வளைகுடா நாடுகளில் வேலை பெற வழி செய்தார். 1984-ஆம் ஆண்டு வண்டலூரில் அவர் தொடங்கிய கிரசென்ட் பொறியியற் கல்லூரி இன்று அவர் பெயரிலேயே பல்கலைக்கழகத் தரத்தில் விளங்குகிறது.

ஆனால், நண்பர்களே, தொழிலோடு போனவர்களுக்கும் ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. 1930-ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் விலை வீழ்ந்தது. பர்மாவில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய உழவர்கள் திருப்பித் தர இயலாமற் போகவே, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சற்றொப்பக் கால் பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. அவர்கள் விரும்பியது பணம். வந்ததோ அயல்நாட்டு மண். அம்மண்ணின் மக்களுக்கு அதனால் மூண்ட மனக்கசப்பும் இயல்பானதே. 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். பல்லாயிரக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாக நாடு திரும்பினர். 1948-ஆம் ஆண்டு பர்மா விடுதலை பெற்றதும் நிலம் நாட்டுடைமையாயிற்று. 1962-ஆம் ஆண்டு இராணுவ ஆட்சி வந்தபின் வங்கிகளும் கடைகளும் போயின. மூன்று தலைமுறை உழைப்பு, அயல்நாட்டுச் சட்டங்கள் மாறியதால் கரைந்தது.

இது பழங்கதை அன்று. இன்று வெளிநாட்டில் படிக்கச் செல்பவர்களும் அயல்நாட்டுச் சட்டத்தை நம்பியே செல்கிறார்கள். படித்து முடித்த அயல்நாட்டு மாணவர்கள் தங்கி வேலை தேடுவதற்கு இங்கிலாந்தில் ஒரு விசா இருந்தது. 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021-ஆம் ஆண்டு ஜூலையில், வேறு பெயரில் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த வழியை நம்பிக் கடன் பட்டவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் எச்-1பி என்னும் வேலை அனுமதி, தனியார் நிறுவனங்களுக்கென ஆண்டுக்கு 85,000 என்று வரையறுக்கப்பட்டது. கேட்பவர்கள் மிகுதி; ஆதலால் குலுக்கல் முறை. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில், புதிய மனு ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பும் வெளியாயிற்று. அந்த நாடுகள் தம் மக்கள் நலத்தை நோக்கிச் சட்டம் செய்கின்றன. அதை நாம் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சட்டம் மாறாது என்று நம்பி நம் வீட்டை ஈடு வைக்கலாகாது.

நாணய மதிப்பும் அப்படியே. 1966-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் ஒரே அறிவிப்பில் டாலரின் மதிப்பு 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசுக்கு உயர்ந்தது. பிற்காலத்தில் அது மெல்ல மெல்ல ஏறியது. 2013-இல் அறுபதைத் தாண்டிற்று. 2022-இல் எண்பதைத் தொட்டது. இரண்டாண்டுப் படிப்பில் சேருபவர், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் ரூபாய்க் கணக்கில் முதலாண்டை விட உயரும் என்று எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும்.

மூன்றாவது, நோக்கத்தோடு போனவர்கள். இவர்களில் தலைசிறந்தவரை நீங்களே சொல்லிவிடுவீர்கள். 1931-ஆம் ஆண்டு இராமேசுவரத்தில், படகுக்கு உரியவர் ஒருவரின் மகனாகப் பிறந்த அப்துல் கலாம்தான் அவர். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி, திருச்சி சூசையப்பர் கல்லூரி, பின்பு சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரி என்று படிப்படியாகச் சென்றார். குரோம்பேட்டையில் சேரும்போது கட்டணத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. குடும்பத்தில் அவ்வளவு பணம் இல்லை. அவருடைய தமக்கையார் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். தம் உழைப்பினாலேயே அந்நகைகளை மீட்பதென்று கலாம் உறுதி பூண்டார்.

இந்நிகழ்ச்சியை நாம் பெருமையோடு சொல்கிறோம். அதனுள் இருக்கும் கணக்கை மட்டும் கவனிப்பதில்லை. அடகு போனது நகை, குடியிருக்கும் வீடன்று. சேர்ந்தது உள்நாட்டுக் கல்லூரி. படிப்பு விமானப் பொறியியல். அதற்கு நாட்டில் தேவை இருந்தது. தமக்கையாரின் தியாகம் பெரிது. ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு செய்த பந்தயம் அன்று.

கலாம் வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் கடல் கடந்து கற்றார். 1963-ஆம் ஆண்டு, ஆறு மாதப் பயிற்சிக்காக அமெரிக்க விண்வெளி அமைப்பின் நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார். லாங்லியிலும் கொடார்டிலும் வாலப்ஸ் தீவிலும் அவர் பெற்ற பயிற்சி, வான ஆய்வு ராக்கெட்டுகளை ஏவும் முறை பற்றியது. அவர் திரும்பிய சிறிது காலத்தில், அதாவது 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் வான ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. எதைக் கற்கப் போகிறோம், கற்றதை எங்கே பயன்படுத்தப் போகிறோம் என்ற இரண்டும் அவர் புறப்படுமுன்பே தெளிவாக இருந்தன.

கலாமைத் தேர்ந்தெடுத்தவர்களுள் ஒருவர் விக்கிரம் சாராபாய். அவர் கேம்பிரிட்ஜில் பயின்றவர். அதே சாராபாய்தான் 1961-ஆம் ஆண்டு இறுதியில் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மை நிறுவனம் தோன்றவும் முன்னின்று உழைத்தார். அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகக் கல்லூரி 1908-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் பயிற்று முறையை அகமதாபாத் தன் துணையாகக் கொண்டது. அதற்குச் சில வாரங்கள் முன்பு தொடங்கிய கல்கத்தா நிறுவனத்துக்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் உதவி கிட்டியது. 2011-ஆம் ஆண்டு திருச்சிக்கும் அத்தகைய நிறுவனம் வந்துவிட்டது. இராமநாதபுரத்து மாணவர் ஒருவர் காலையில் புறப்பட்டால் பிற்பகலுக்குள் அதன் வாயிலில் நிற்கலாம். அக்கரையில் கற்றவர்கள் இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த செல்வம் இது.

காரைக்குடி கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியாரும் இவ்வகையினரே. லண்டனில் பாரிஸ்டர் படிப்பும் வங்கிப் பயிற்சியும் பெற்றார். மலேயாவில் இரப்பர்த் தோட்டங்களும் கொச்சியில் நூற்பாலையும் நடத்தினார். 1947-ஆம் ஆண்டு காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்கினார். வணிகம் கற்றவர் ஒருவர் தம் ஊருக்கு என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். நான் அவருக்காக எழுதி வைத்த வினாக்கள் நான்கு.

முதல் வினா: இப்போதே போக வேண்டுமா? எம்.பி.ஏ. என்பது வேலை பார்த்துப் பழகியவர்களுக்காக ஏற்பட்ட படிப்பு. பெயர்பெற்ற வெளிநாட்டு வணிகக் கல்லூரிகளில் நான்கைந்து ஆண்டு வேலை பார்த்தவர்களே மிகுதி. வணிகக் கல்லூரிகளுக்குத் தரச்சான்று அளிக்கும் 'ஆம்பா' என்ற அமைப்பு, குறைந்தது மூன்றாண்டு அனுபவமாவது வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. வகுப்பில் பாதிப் பாடம் ஆசிரியர் சொல்வது. மறுபாதி, பக்கத்தில் அமர்ந்திருப்பவர் தம் தொழில் அனுபவத்திலிருந்து சொல்வது. சொல்வதற்கு ஒன்றுமில்லாதவர் அங்கே பாதிக் கல்வியை இழப்பார். அனுபவமே கேட்காமல் இடம் தருகிறது ஒரு கல்லூரி என்றால், ஏன் தருகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வினா: எதைக் கற்க? 'பன்னாட்டு வாய்ப்பு' என்பது ஒரு படிப்பின் பெயரன்று. ஏற்றுமதி வாணிகமா, நிதியா, கப்பல் போக்குவரத்தா, சரக்கு மேலாண்மையா? மண்டபத்திலும் பாம்பனிலும் பிடிபடும் இறாலும் நண்டும் உறைநிலையில் கடல் கடந்து விற்பனையாகின்றன. அந்த வாணிகத்தின் விலை நிர்ணயமும் தரக் கட்டுப்பாடும் கற்பதற்கு அரிய துறைகள். துறை தெரிந்தபின் கல்லூரியைத் தேட வேண்டும். கல்லூரியை முதலில் பிடித்துக்கொண்டு துறையைத் தேடுவது தலைகீழ்.

மூன்றாம் வினா: யார் சொல்லிப் போகிறீர்கள்? வெளிநாட்டுக் கல்லூரிகளில் இடம் வாங்கித் தரும் முகவர்களில் பலர், சேரும் மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று அக்கல்லூரிகளிடமே தரகு பெறுகிறார்கள். அது குற்றமன்று. ஆனால் தரகு பெறுபவர் 'போகாதே' என்று சொல்ல மாட்டார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அக்கல்லூரியில் மூன்று ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்த நம் நாட்டு மாணவர் நால்வரைத் தேடிப் பிடித்து, 'இப்போது என்ன வேலையில் இருக்கிறீர்கள்? கடன் எவ்வளவு மீதம்?' என்று கேளுங்கள். பளபளப்பான விளம்பர ஏட்டைவிட அந்த நான்கு விடைகள் மேலானவை.

நான்காம் வினா: வேறு பணம் உண்டா? 1892-ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்ஜி டாட்டா, வெளிநாட்டில் உயர்கல்வி பெறும் இந்தியர்களுக்காக ஓர் அறக்கொடையை நிறுவினார். அது இன்றும் கடன் உதவித்தொகை வழங்கி வருகிறது. ஆதிதிராவிட மாணவர்கள், நிலமற்ற உழவுத் தொழிலாளர்கள், மரபுவழிக் கைவினைஞர்கள் முதலியோரின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை, முதுகலைப் படிப்பு ஒன்றின் ஓராண்டுச் செலவை ஏற்கிறது. அதற்கு ஏறத்தாழ இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்து இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்கவும் வேண்டும். இவற்றைப் பெறுவது எளிதன்று. ஆயினும் விண்ணப்பம் எழுதும் உழைப்பு, வீட்டை ஈடு வைக்கும் துயரத்தைவிடச் சிறியது.

ஒரு வாரம் கழித்துத் தந்தையும் மகனும் மீண்டும் வந்தார்கள். இவற்றையெல்லாம் சொன்னேன். இளைஞர் குறித்துக்கொண்டார். பெரியவர் மட்டும் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார். நான் அவரிடம் திரும்பி, "பெரியவரே, நீங்கள் கடலுக்குப் போகுமுன் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"காற்றைப் பார்ப்போம். ஆண் கடலா, பெண் கடலா, எது கொந்தளிக்கும் பருவம் என்று பார்ப்போம்" என்றார். நம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வது வழக்கம். பிறகு சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "டீசலைத் திரும்பி வருவதற்கும் சேர்த்தே நிரப்புவோம். மீன் பட்டால்தான் திரும்ப முடியும் என்று எவனும் படகை இறக்க மாட்டான்" என்றார்.

சொல்லி முடித்ததும் தம் மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் மகனுக்கும் விளங்கிற்று, எனக்கும் விளங்கிற்று. நான்கு வினாக்களாக நான் எழுதி வைத்திருந்ததை அவர் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார். வேலை கிடைத்தால்தான் கடன் அடையும், விசா கிடைத்தால்தான் வேலை கிடைக்கும், சட்டம் மாறாதிருந்தால்தான் விசா கிடைக்கும் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பயணம், மீனை நம்பிப் படகை இறக்குவது போன்றது. எதுவும் கிட்டாமல் திரும்பினாலும் வீடு நிற்கும், கற்ற தொழில் கைகொடுக்கும் என்ற உறுதி இருக்குமானால், அந்தப் பயணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

அந்த இளைஞர் இவ்வாண்டு இங்கிலாந்து செல்லவில்லை. கல்லூரிக்கு எழுதிச் சேர்க்கையை ஒத்திவைக்கக் கேட்டார், அக்கல்லூரி இசையவில்லை. இப்போது தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், சிறு சம்பளத்தில், சரக்குப் பத்திரங்கள் எழுதும் பணியில் இருக்கிறார். மூன்றாண்டு கழித்து உள்நாட்டுத் தேர்வையும் எழுதுவேன், வெளிநாட்டுக்கும் விண்ணப்பிப்பேன் என்று சொல்லியிருக்கிறார். நல்ல வாய்ப்பு ஒன்றை நழுவவிட்டுவிட்டோமோ என்ற ஏக்கம் அவருக்கு இன்னும் உண்டு. அதை நான் மறைக்க விரும்பவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை அவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் வீட்டுப் பத்திரம் அவர்கள் பெட்டியிலேயே இருக்கிறது.

இன்னோர் இளைஞருக்கு விடை வேறாக இருக்கலாம். ஐந்தாண்டு அனுபவமும், தெளிவான துறையும், உதவித்தொகையும் கொண்டு ஒருவர் என்னிடம் வந்தால், 'தம்பி, நாளைக்கே புறப்படு' என்று சொல்லி அனுப்புவேன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொல்லி ஆசையைக் கேலி செய்வது எளிது. ஆசை தவறன்று. அக்கரைக்குப் போனவர்கள் இல்லையேல், காரைக்குடிக்கு ஆய்வகம் ஏது? தும்பாவிலிருந்து ராக்கெட் எழுந்தது ஏது?

மாணவ நண்பர்களே! உங்கள் கையிலும் ஒருநாள் அந்த மூன்று தாள்கள் வரும். இடம் தரும் கடிதத்தை மகிழ்ச்சியோடு படியுங்கள். செலவுக் கணக்கை இரண்டு முறை படியுங்கள். மூன்றாவது தாளை உங்கள் தாய் தந்தையரோடு ஒன்றாக அமர்ந்து படியுங்கள். அதன்பின் போவதா இருப்பதா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.